தெருமுனை வரைக்கும் ஒரு ஆபீஸ்

மதியச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் நான் ஆபீஸுக்குக் கிளம்புவேன். காட்டன் சுடிதார், தோளில் பை, கழுத்தில் ஜெர்மனி ஆபீஸ் கொடுத்த அடையாள அட்டை. வாசலில் நின்று சின்னவளுக்கு ஒரு முத்தம், பெரியவளுக்கு ஒரு முத்தம், அவர்களைப் பெற்ற அப்பாவுக்கு ஒரு முறைப்பு. படியிறங்கி, செருப்பை மாட்டி, கேட்டைத் திறந்து தெருவில் நடப்பேன். பால்கனியிலிருந்து சின்னவள் கையாட்டுவாள். இஸ்திரி வண்டி நிற்கிற தெருமுனை வரைக்கும் போய், திரும்பிப் பார்த்து நானும் கையாட்டுவேன். அவள் தலை உள்ளே மறைந்ததும் பக்கத்துக் காலிமனை வழியாக வீட்டின் பின்பக்கம் வருவேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இரும்புப் படிக்கட்டில் சத்தம் வராமல் ஏறி, பின்னறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வேன். அதுதான் என் ஆபீஸ்.

முதல் நாள் இதைப் பார்த்துவிட்டுக் கீழ்வீட்டு அக்கா, எங்கள் வீட்டுக்காரம்மா, பயந்தே போய்விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா, வூட்டுக்காரரோட சண்டையா? செருப்ப கைல புச்சிகினு திருடி மாரி ஏறிக்கினு கீற?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். "நல்லா கீது உங்க ஃபாரின் குடும்பம்" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

ஃபாரின் குடும்பம் என்றுதான் தெருவில் எங்களுக்குப் பெயர். கல்யாணமான கையோடு ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். மாமனாருக்குப் பக்கவாதம் வந்தபோது ஊர் திரும்பினோம். ஊர் என்றால் அவருடைய ஊர், செங்கல்பட்டு. நான் தென்காசிப் பக்கம். அவருடைய அண்ணன் வீட்டில் மாமனாருக்கே இடம் நெருக்கடி என்பதால், நல்ல இன்டர்நெட் கிடைத்த இந்த மாடிவீட்டைப் பிடித்து மாமல்லபுரத்துக்குத் தெற்கே வந்து உட்கார்ந்தோம். ஜெர்மனியிலும் நான் வெளியூர்க்காரி, இங்கேயும் வெளியூர்க்காரி. சத்தியமாகச் சொல்கிறேன், 'கீது'வும் 'இன்னா'வும் காதுக்குப் பழக எனக்கு ஜெர்மன் பழகியதைவிட அதிக நாளானது.

பெரியவளை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். தமிழ் எழுத வரவில்லை என்று இரண்டு வகுப்பு கீழே போட்டார்கள். தன் தோளுயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து வந்தவள், கொஞ்ச நாளில் வீட்டில்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அந்த மௌனம் எங்கள் இரண்டு பேரையும் கதிகலங்க வைத்தது. ஒரு வருஷம் வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுப்போம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தோம். சின்னவளையும் எங்கேயும் சேர்க்கவில்லை. ஜெர்மனியில் பிள்ளையை இப்படி வீட்டில் வைத்துக்கொண்டால் அரசாங்கமே ஆளனுப்பிக் கேட்கும். இங்கே கேட்டது பிள்ளைகளின் ஆச்சி, என் அம்மா மட்டும்தான், அதுவும் ஃபோனில்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். நான் ஜெர்மனி வேலையை வீட்டிலிருந்தே தொடர்ந்துகொண்டிருந்தேன். அவர் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். என் சம்பளம்தான் பெரிது, அவர் விட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே விட்டார். எவ்வளவு பெரிய மனசு என்று அன்றைக்கு நினைத்தேன். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று பிறகுதான் தெரிந்தது. மனுஷன் கெட்டிக்காரர். நல்லதையெல்லாம் தன் பக்கம் எடுத்துக்கொண்டார்.

ஜெர்மனியில் காலை விடியும்போது இங்கே மதியம் ஆகிவிடும். அதனால் காலைப் பள்ளிக்கூடம் என்னுடையது, மதியத்துக்கு மேல் அவருடையது. பார்த்தால் நியாயமான பங்கீடுதான். ஆனால் காலையில் என்ன இருக்கிறது? வாய்ப்பாடு, கையெழுத்து, அ ஆ இ ஈ, கழித்தலில் கடன் வாங்குவது, கண்ணீர், கொட்டாவி, "எம்மா போதும்மா." மதியத்தில் என்ன இருக்கிறது? கடற்கரை, கல் செதுக்குகிற பட்டறைகள், வலையிலிருந்து நண்டு பிரிப்பதை வேடிக்கை பார்ப்பது, பைக்கில் மூன்று பேராக கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்வருவது. எனக்கு வாய்ப்பாடு, அவருக்குக் கடல். யார்மேல் பிள்ளைகளுக்கு ஆசை வரும், நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஆபீஸ் நாடகம் என் யோசனைதான். முதலில் ஹாலிலேயே மேஜை போட்டு வேலை பார்த்தேன். சின்னவள் மீட்டிங் நடுவில் மடியில் ஏறி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அப்புறம் பின்னறைக்கு மாறினேன். ஹாலுக்கும் அந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவை எட்டி உதைத்து, தரையில் உருண்டு, மூச்சுப் பிடித்து அழுவாள். ஜெர்மனியில் இரண்டு பிள்ளைகளும் அம்மா முந்தானையை விடாத பிள்ளைகள். அங்கே அவர் ஃபேக்டரிக்குப் போய்விடுவார், நான் அரைநாள் வேலைதான். அவருக்குச் சமைக்கத் தெரிந்ததெல்லாம் முட்டை. அப்படி இருந்த பிள்ளையிடம், அம்மா உள்ளே இருக்கிறாள், ஆனால் உனக்கு இல்லை என்று எப்படிப் புரிய வைப்பது? அதனால் அம்மா வீட்டிலேயே இல்லை என்று ஆக்கிவிட்டேன். அந்தக் கதவை என் பக்கம் தாழ்ப்பாள் போட்டு, கீழே இருந்த சந்தில் பழைய துண்டை அடைத்தேன். ஹாலில் அது வீட்டுக்காரம்மாவின் சாமான் அறை என்று பெயர் பெற்றது. பெரியவளுக்கு உண்மை தெரியும். ரகசியம் காப்பதில் அவளுக்கு ஒரே பெருமை.

ஆச்சரியம் என்னவென்றால், நாடகம் பலித்துவிட்டது. ஒரே வாரத்தில் சின்னவள் அழுகையை நிறுத்தினாள். டாட்டா காட்டினாள், உள்ளே போனாள், அவ்வளவுதான். நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவ்வளவு சீக்கிரமாகவா என்று இருந்தது.

துண்டை அடைத்தாலும் சத்தம் வரத்தான் செய்யும். வெயில் தாழ்ந்து வெளியே கிளம்பும் வரைக்கும் அவர்கள் ஹாலில்தான் இருப்பார்கள். அவர் பாடம் நடத்துவதில்லை. அவர் மக்கு மாணவனாகிவிடுவார், பிள்ளைகள் டீச்சர். "ஏழும் எட்டும் எவ்ளோ?" என்று பெரியவள் கேட்பாள். "பதினேழு டீச்சர்" என்பார். இரண்டு பேரும் கெக்கலி கொட்டிச் சிரித்துத் தரையில் விழுகிற சத்தம் கேட்கும். அதே ஏழும் எட்டும் காலையில் என்னிடம் அழுகையில் முடிந்திருக்கும். எனக்குக் காது எரியும். ஒருமுறை மீட்டிங்கில் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பைக் கேட்ட ஒருவர், உங்கள் வீட்டில் விசேஷமா என்று கேட்டார். "பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்" என்றேன்.

சாயங்காலம் பின்படி வழியாக இறங்கி, சுற்றி வந்து, முன்வாசலில் செருப்பைக் கழற்றுவேன். பிள்ளைகள் ஓடி வந்து அன்றைய கதையைச் சொல்வார்கள். சுடச்சுட நடந்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டாகிவிட்டது, இப்போது ஆறினதைக் கேட்டு "அய்யோ, அப்படியா!" என்று வாயைப் பிளக்க வேண்டும். "அப்பா இன்னா பண்ணாரு தெர்மா? நண்டு கடிச்சிச்சின்னு பொய் சொல்லிகினு குதிச்சாருமா" என்பாள் சின்னவள். அந்தப் பேச்சு! அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக வந்தது. அ ஆ போட்டுக் கொடுத்தது நான். விரலைப் பிடித்து எழுத வைத்தது நான். வாயைத் திறந்தால் வருவதோ அவருடைய செங்கல்பட்டு. வூடு, வூட்டாண்ட, கீது, ஒக்காந்துகினு. என் ஊர்ச் சொல் ஒன்றுகூட அந்த வாயில் இல்லை. "ஏட்டி, 'வீடு'ன்னு சொல்லுட்டி" என்பேன். "வூடு" என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரிப்பாள். அவர், "இன்னா மே, பொறாமையா?" என்று என்னைச் சீண்டுவார். "ஆமா, பொறாமைதான். போங்க" என்பேன். அவர் விளையாட்டுக்குக் கேட்பார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவருக்குச் சின்னவளிடம் ஒரே ஒரு குறை உண்டு. "ஹாலு பூரா எடம் கீது. எப்பப் பாரு அந்தச் சாமான் ரூம் கதவாண்டயே போயி ஒக்காந்துகுது. கலர் பென்சிலெல்லாம் அங்கதான். நவுர மாட்டேங்குது" என்பார். ஏன் பாப்பா என்று ஒருநாள் நானும் கேட்டேன். "அங்க ஜில்லுனு கீதும்மா" என்றாள். கடல்காற்று படாத மூலை அது, அங்கே என்ன ஜில்லென்று இருக்கப் போகிறது என்று நினைத்தேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. கதவோரம் பென்சில் கீறுகிற சத்தம் எனக்கும் கேட்கும். அது எரிச்சலாக இருக்கிறதென்று மேஜையை எதிர்ப்பக்கம் ஜன்னலோரமாகத் தள்ளிப் போட்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது சின்னவளுக்குப் பல் ஆட ஆரம்பித்தது. கீழ்வரிசையில் முன்பல், முதல் பல். பெரியவளின் முதல் பல் ஜெர்மனியில் ஆப்பிள் கடிக்கும்போது என் உள்ளங்கையில் விழுந்தது. சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாணிக்கு அங்கே எங்கே போக? கோதுமை மாவில் பொதிந்து நானும் அவளும் எதிர்க்கட்டடத்தின் ஓட்டுக்கூரையில் எறிந்துவிட்டு ஓடி ஒளிந்தோம். அவர் அப்போது ஃபேக்டரியில் இருந்தார். அந்தப் பல் முழுக்க முழுக்க என்னுடையது. இதுவும் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். நண்டை அவர் வைத்துக்கொள்ளட்டும், கடலை வைத்துக்கொள்ளட்டும், பிள்ளையின் பேச்சைக்கூட வைத்துக்கொள்ளட்டும். இந்தப் பல் எனக்கு.

தினமும் காலையில் வாய்ப்பாட்டுக்கு முன்னால் விரலை விட்டு ஆட்டிப் பார்ப்பேன். "காலையிலதான் விழணும். எங்கையிலதான் விழணும், என்னட்டி?" என்பேன். சின்னவள் வாயைத் திறந்தபடியே தலையாட்டுவாள். "நூலக் கட்டி ஒரே இழு, மேட்டர் ஓவர்" என்றார் அவர். "அந்தப் பல்லுமேல கை வச்சீங்கன்னா இருக்கு" என்றேன். நான் கத்தின கத்தலில் பெரியவள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

அது மதியத்தில்தான் விழுந்தது. பின்னே எப்போது விழும்?

வாடிக்கையாளர்களுக்கு எங்கள் வேலையை விளக்கிக்கொண்டிருந்தேன். திரையில் என் படங்கள், காதில் பத்துப் பேர். கதவுக்கு அந்தப் பக்கம் பெரியவள், "அப்பா, ரத்தம்!" என்று அலறினாள். அவர் ஓடி வருகிற சத்தம். "காட்டு, காட்டு. அட, வுயிந்திடுச்சா! சூப்பருடி என் தங்கம்!" கைதட்டல். மூன்று பேரும் குதிக்கிறார்கள், தரை அதிர்கிறது. நான் பேசிக்கொண்டிருந்த ஜெர்மன் வாக்கியம் பாதியில் அறுந்தது. நெட்வொர்க் சரியில்லை, ஒரு நிமிடம் என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டு எழுந்து கதவுக்கு ஓடினேன்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தால் பல் கிடைக்கும். திறந்தால் அதோடு ஆபீஸ் போய்விடும், நாளையிலிருந்து மறுபடி உதையும் அழுகையும்தான், வேலையும் போகும். கையை எடுத்தேன். சவத்தெழவு, என் வீட்டில் என் பிள்ளையின் பல்லைப் பார்க்க எனக்கு வழியில்லை. அப்படியே கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர்மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

"பல்ல கைல கெட்டியா வச்சிக்க. இங்கயே ஒக்காரு, உப்புத்தண்ணி கொண்ணாறேன்" என்றார் அவர். பெரியவளும் அவர் பின்னால் அடுப்படிக்குப் போகிற சத்தம் கேட்டது. ஹால் அமைதியானது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அப்போது கதவுக்கு அடியில் அடைத்திருந்த துண்டு அசைந்தது.

எலி என்றுதான் நினைத்தேன். துண்டை இழுத்தேன். சந்து வழியாக மடித்த காகிதம் ஒன்று, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முட்டி, மெல்ல உள்ளே வந்தது. சின்னவள் படம் வரைகிற காகிதம். பிரித்தால் உள்ளே பல். அரிசி அளவுக்கு, அடியில் ரத்தத்தோடு.

"எம்மா" என்று ஒரு கிசுகிசுப்பு தரையோடு தரையாக வந்தது. "எம்மா, பல்லு விழுந்துட்டு."

விழுந்துட்டு. என் ஊர்ப் பேச்சு.

"நீ பேசாத. நீ மீட்டிங்ல இருக்க. நான் சொல்றத மட்டும் கேளு" என்றாள். "நீ இங்கன இருக்கது எனக்குத் தெரியும். நீ ஆச்சிட்ட ஃபோன் பேசுறது டெய்லி கேக்கும். அப்பாட்டயும் அக்காட்டயும் சொல்லிடாத, என்ன? தெரிஞ்சிச்சின்னா என்னைய இந்தக் கதவாண்ட ஒக்கார வுட மாட்டாங்க."

சந்துக்குள் சுண்டுவிரலை விட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து ஈரமான ஒரு சின்ன விரல் வந்து அதன்மேல் உட்கார்ந்தது. நான் ஜன்னலோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிள்ளை என்னை மறந்துவிட்டாள் என்று வெந்துகொண்டிருந்த அத்தனை மதியமும் அவள் இங்கேதான் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை ஏமாந்துவிட்டாள் என்று நாங்கள் மூன்று பேரும் நம்பினோம். அவள்தான் எங்களை நம்ப வைத்திருக்கிறாள்.

அடுப்படியிலிருந்து காலடிச் சத்தம் வந்தது. விரல் சட்டென்று போய்விட்டது. "அப்பா!" என்று சின்னவள் கத்தினாள். "அப்பா, பல்லக் காணோம்! எங்கியோ வுயிந்து ஓடிச்சி!" எம்மா, என்ன நடிப்பு! என் வயிற்றில் பிறந்ததுதான் அது, சந்தேகமே இல்லை. பல்லை இடது கைக்குள் மூடிக்கொண்டு, போய் உட்கார்ந்து, நெட்வொர்க் சரியாகிவிட்டது என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தேன். நன்றாகப் பேசினேன்.

சாயங்காலம் முன்வாசல் வழியாக வந்தபோது, அவர் சோபாவைப் புரட்டிப் போட்டுவிட்டு, ஃபோன் டார்ச்சோடு தரையில் குப்புறப் படுத்துத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் தூசி. என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "மன்னிச்சுக்க மே. பல்லு வுயிந்திடுச்சு. நீ எவ்ளோ ஆசையா இருந்த. அதையும் தொலச்சிட்டேன்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. ஜென்மத்தில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. "பரவால்ல, நல்லாத் தேடுங்க" என்றேன்.

சின்னவள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "ஆபீஸ் எப்படிம்மா இருந்திச்சு?" என்று கேட்டு, ஓட்டைப் பல்லைக் காட்டினாள். "நல்லா இருந்துச்சுட்டி" என்றேன். அவர் அலமாரியை நகர்த்தப் போனார். பல் என் அடையாள அட்டை உறைக்குள், என் ஃபோட்டோவுக்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் விடிந்ததும், துணி எடுத்து வருகிறோம் என்று சொல்லிவிட்டு நானும் அவளும் கீழே போனோம். சாணிக்கு இந்தத் தடவை அலைய வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா ஏன் எதற்கு என்று கேட்காமல் ஒரு உருண்டை எடுத்துக் கொடுத்தார். மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் சின்னவளே எறிந்தாள். முதல் வீச்சிலேயே மேலே நின்றுவிட்டது. மாடியில் அவர் இன்னும் துடைப்பத்தை வைத்து அலமாரிக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் தெருமுனை வரைக்கும் போய், கையாட்டி, திரும்பி வந்து, முதல் வேலையாக மேஜையை ஜன்னலோரத்திலிருந்து இழுத்து ஹால் கதவோரமாகப் போட்டேன். துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒயர் மாற்ற அந்த அறைக்கு வந்த அவர் மேஜையைப் பார்த்துவிட்டு, "ஜன்னலாண்ட அவ்ளோ காத்து வருது. அத வுட்டுட்டு இங்க இன்னாத்துக்குப் போட்டுக்கின?" என்று கேட்டார்.

"இங்கனதான் ஜில்லுனு இருக்கு" என்றேன்.